திருடனுக்கு எக்ஸ்பியைக் கூட்டாதீங்க, வரம்பைக் குறைங்க

நாகர்கோவிலில் ஞாயிறு சாயங்காலம் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை விளையாட்டு (ரோல்-பிளேயிங் கேம்) ஆடும் எங்கள் கூட்டத்தில் திருடனாக ஆடுகிற தம்பி, நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருப்பான், மந்திரவாதி ஒரே மந்திரத்தில் சண்டையை முடித்துவிடுவதால். அவனுக்கு மட்டும் எக்ஸ்பியை, அதாவது லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளிகளை, கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன், மற்றவர்கள் முகம் சுருங்கிவிட்டது. கிடைக்கும் எக்ஸ்பியை எல்லாருக்கும் சமமாக வைத்துவிட்டு, அடுத்த லெவலுக்குத் தேவையான எக்ஸ்பி வரம்பைப் பாத்திரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

இந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் விதிகளில் இதுதான் வழி: இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1200 எக்ஸ்பி, போர்வீரனுக்கு 2000, மந்திரவாதிக்கு 2500, எல்ஃபுக்கு 4000. 20,000 எக்ஸ்பி சேரும்போது திருடன் ஆறாம் லெவல், மந்திரவாதி ஐந்துதான். எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

ஆனால் ஒன்று, ஆரம்ப லெவல்களில் வரம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போவதால், திருடனுக்கு மற்றவர்களில் பாதி வரம்பு வைத்தாலும் ஒரு லெவல்தான் முந்துவான், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முதலில் பத்து சதவீதம் குறைத்து மூன்று ஆட்டம் பாருங்கள், அப்புறம் தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். மாற்றுவதை எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட்டே மாற்றுங்கள்.