கிட் காருக்குப் பெடல் தொகுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் என் பட்டறைக்குச் சென்ற மாதம் இரண்டு பொறியியல் மாணவர்கள் வந்தார்கள். தனித்தனிப் பாகங்களைச் சேர்த்துத் தாங்களே பூட்டும் கிட் காருக்குச் சேஸியை வளைத்து முடித்துவிட்டார்கள், எஞ்சினும் கைக்கு வந்துவிட்டது. சாக்குப் பையிலிருந்து பழைய மாருதி 800 காரின் பெடல்களை எடுத்து மேசையில் வைத்து, "அண்ணே, இதை அப்படியே வெல்டிங் வச்சுரலாமா?" என்று கேட்டார்கள். பூஸ்டர் எங்கே என்றேன். "அது ரொம்பப் பெருசா இருந்துச்சுண்ணே, பழைய இரும்புக் கடையிலயே விட்டுட்டோம்" என்றான் ஒருவன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போல்ட்டை இறுக்குங்கள், பிரேக் ஆயிலில் காற்று நிற்க விடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை.

பூஸ்டரை விட்டுவிட்டுப் பெடலை மட்டும் எடுத்துக்கொள்வது

பெடல் என்பது ஒரு நெம்புகோல். பிவட்டிலிருந்து, அதாவது பெடல் அசையும் அச்சிலிருந்து, பாதம் படும் தட்டின் நடுவரை உள்ள தூரத்தை, அதே பிவட்டிலிருந்து, பிரேக் சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு பூட்டியிருக்கும் துளைவரை உள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே பெடல் விகிதம். எஞ்சினின் வெற்றிடத்தை வைத்துக் காலுக்கு உதவும் பூஸ்டர் இருக்கும் கார்களில் இந்த விகிதம் பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையே இருக்கும். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 5 முதல் 6 வரை வேண்டும். பூஸ்டரைக் கழற்றிய பிறகும் பெடல் பார்ப்பதற்கு அதே பெடலாகத்தான் இருக்கிறது என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நான் பூட்டிய பெடலில் மேலிருந்து கீழ்வரை 240 மில்லிமீட்டர், புஷ் ராடு துளைக்கு 65 மில்லிமீட்டர். விகிதம் ஏறக்குறைய 3.7. ஆயிலை அழுத்திக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22.2 மில்லிமீட்டர், அதாவது பரப்பு 3.87 சதுர சென்டிமீட்டர். 30 கிலோ எடையளவு காலால் அழுத்தினால் சிலிண்டரை 111 கிலோ தள்ளுகிறது. குழாயில் கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 29 கிலோகூட இல்லை. இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். நான் போடவில்லை.

கள்ளிக்குடிப் பக்கம் உறவினர் ஒருவருக்குச் சொந்தமான கரிசல் தரிசில், பதிவில்லாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், முதன்முதலாக ஓட்டிப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தபோது ஆட்டுக்கல்லை மிதித்தது போல இருந்தது. பெடல் அசையவில்லை, வண்டியும் நிற்கவில்லை. இரண்டு கால்களையும் வைத்து அழுத்தி, வரப்பில் ஏறி, முன்பக்க ஃபைபர் மூக்கு உடைந்து ஒருவழியாக நின்றது.

அதன் பின் செய்ததுதான் இன்றும் எரிச்சல் தருகிறது. துளையைப் பிவட்டுக்கு 40 மில்லிமீட்டர் தூரத்துக்கு மாற்றினால் விகிதம் 6 ஆகிவிடும் என்று கண்டுகொண்டேன். ஆனால் துளை 25 மில்லிமீட்டர் மேலே போனால் புஷ் ராடு நேராக நிற்க மாஸ்டர் சிலிண்டரும் அதே அளவு மேலே போக வேண்டும். அந்த இடத்தில் சேஸியின் குறுக்குக் குழாய் இருந்தது. பெயின்ட் அடித்து முடித்த சேஸியில் அந்தக் குழாயை அறுத்து, இறக்கி, மறுபடி பற்றவைத்தோம். அதோடு நிற்காமல், பயத்தில் 15.9 மில்லிமீட்டர் சிலிண்டரையும் வாங்கிப் பூட்டினேன். சிலிண்டரின் பரப்பு பாதியாகும்போது அதே அளவு ஆயிலைத் தள்ளப் புஷ் ராடு இரண்டு மடங்கு நகர வேண்டும் என்பதையும், விகிதம் கூடியதால் பாதம் அதற்கு மேலும் நகர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்து பெடல் பயணம் மூன்று மடங்கைத் தாண்டியது. பிரேக் பிடிப்பதற்கு முன்பே பெடல் தரையைத் தொட்டது. கடைசியில் 19 மில்லிமீட்டர் சிலிண்டரில்தான் வந்து நின்றேன்: 180 கிலோ, 2.84 சதுர சென்டிமீட்டர், 63 கிலோ அழுத்தம். ஐந்து நிமிடக் கணக்குக்குப் பதிலாக நாற்பது நாள்.

ஆகவே சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிபரை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிஸ்டன்கள் எவ்வளவு ஆயில் கேட்கின்றன என்று பார்த்துச் சிலிண்டரையும், அதற்குப் பிறகு விகிதத்தையும் பெடலையும் தேர்ந்தெடுங்கள். கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த பெடலிலிருந்து தொடங்கினால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

இரட்டைச் சிலிண்டருக்கு ஒற்றைச் சிலிண்டரின் கணக்கைப் போடுவது

பெடலுக்கும் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களுக்கும் நடுவே பேலன்ஸ் பார் என்ற குறுக்குக் கம்பி வைத்த தொகுதியில் காலின் விசை முன் சக்கரச் சிலிண்டருக்கும் பின் சக்கரச் சிலிண்டருக்குமாகப் பிரிகிறது. மேலே சொன்ன 180 கிலோ, பார் நடுவில் இருந்தால், ஆளுக்கு 90 கிலோதான். ஒற்றைச் சிலிண்டரின் அளவையே இரண்டுக்கும் வாங்கிவிட்டு, பெடல் கல்லாக இருக்கிறது என்று பாரைத் திருகிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பார் முன்பின் பங்கை மாற்றுமே தவிர, மொத்த விசையைக் கூட்டாது.

பெடலைப் பார்த்து, அது நிற்கும் தகட்டைப் பார்க்காமல் விடுவது

ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளின் விதிகள், பிரேக் பெடல் 2000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. அது 200 கிலோவுக்கும் மேல். பதற்றத்தில் மிதிக்கும் கால் அவ்வளவு விசையையும் கொடுக்கக்கூடும். பெடல் தாங்கினாலும், அதைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடு வளைந்தால் பிரேக் பஞ்சு போல இருக்கும். காற்று புகுந்துவிட்டது என்று நினைத்து மூன்று முறை ஆயில் மாற்றிய ஒருவரின் வண்டியில், நான் தகட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவரை மிதிக்கச் சொன்னேன். தகடு உப்பி வந்து விரலைத் தள்ளியது.

தரையிலிருந்து எழும் பெடல்

புழுதியில் ஓட்டுவதானால் பிவட்டுக்குள் மண் இறங்கும். தொங்கும் பெடலே நல்லது.

அலுமினியப் பெடல்

இரும்பில் செய்யுங்கள்.

கிளட்ச் பெடலுக்குத் தடை வைக்காதது

தடைக்கட்டை இல்லாவிட்டால் காலின் முழு விசையையும் கேபிள்தான் தாங்கும், அறும்வரை.

காலை அளக்காமல் இடத்தை மட்டும் அளப்பது

தாழ்ந்த, ஒடுங்கிய கிட் காரில் பாதம் வைக்கும் இடம் முன்னோக்கிப் போகப் போகக் குறுகும். ஸ்டியரிங் ராடும் அந்த வழியாகவே இறங்கும். வெறும் காலோடு உட்கார்ந்து பார்த்து இடம் போதும் என்று முடிவு செய்யாதீர்கள்; எதைப் போட்டுக்கொண்டு ஓட்டப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மாணவர்களில் ஒருவன் செருப்போடு வந்திருந்தான், மற்றவன் கனத்த ஷூவோடு. ஷூக்காரனின் பாதம் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒரே நேரத்தில் மிதித்தது.

அதற்குப் பிறகு சீட்டை இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, எதிரே சுவரில் எடை பார்க்கும் இயந்திரத்தைச் சாய்த்து, இயல்பாகக் காலால் அழுத்தச் சொன்னேன். ஷூக்காரனுக்கு 52 காட்டியது, செருப்புக்காரனுக்கு 34. யாருடைய எண்ணை எடுப்பது என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். 34ஐ வைத்துக் கணக்குப் போட்டோம்.