படகு கேப்டனுக்கு நினைவு மலர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூழ்கிய கப்பல்களுக்கு முக்குளிக்க அழைத்துப்போன படகு கேப்டன் காலமானால், காரைக்குடிப் பக்கம் உடனே நினைவு மலர் வேலை தொடங்கிவிடும். பதினாறாம் நாளுக்குள் அச்சாக வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாரும் ‘தங்கமான மனிதர்’ என்றே எழுதித் தருவார்கள். அவர் தொழில் தெரிந்த விதம் ஒரு பக்கத்திலும் இருக்காது. நீரோட்டம் தணிந்துவிட்டதை எதை வைத்துச் சொன்னார், இறங்கு கயிற்றின் கொக்கியைக் கப்பலில் எப்படி மாட்டினார், மேலே வந்தவர்களை எப்படி எண்ணினார் என்பதெல்லாம் படகில் கூட நின்ற ஆட்களுக்குத்தான் தெரியும். முதலில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

பெரிய சேதம், கப்பல்கள் கிடக்கும் இடங்களை அவர் எழுதிவைத்த குறிப்பேட்டைப் படியெடுக்கும்போது நடக்கிறது. அட்சரேகை 9° 45.50′ என்றால் 9 பாகையும் நாற்பத்தைந்தரை நிமிடமும். அதாவது 45 நிமிடம் 30 நொடி. அதை 45 நிமிடம் 50 நொடி என்று எழுதிவிடுகிறார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் 1,852 மீட்டர். கூடிப்போன 20 நொடியில் கப்பல் கிடக்கும் இடம் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்; அங்கே போனால் வெறும் மணல்தான். புள்ளியைப் புள்ளியாகவே எழுதுங்கள். ஓரத்தில் அவர் கிறுக்கிய கரை அடையாளங்களையும் விடாதீர்கள்: கோபுரமும் பனையும் நேர்க்கோட்டில் வருவது ஒரு கோடு, வேறு இரண்டு அடையாளங்கள் சேர்வது இன்னொரு கோடு, இரண்டும் வெட்டும் இடமே கப்பல். படகை விற்கும் முன் ஜிபிஎஸ் கருவியில் உள்ள இடங்களைப் படியெடுத்துவிடுங்கள்.

ஆனால் இந்த எண்களை மலரில் அச்சிடாதீர்கள். மூழ்கிய கப்பலில் பித்தளை திருடுகிறவர்களுக்கு வழி காட்டியதாகிவிடும். வீட்டாரிடமும் நம்பிக்கையான இன்னொருவரிடமும் இருந்தால் போதும்.

குறிப்பேட்டை லேமினேட் செய்யவே கூடாது. சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. அதை விரித்து வளவில் (வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) முற்றத்து வெயில் படும் இடத்தில் மாட்டினால் மை வெளிறிவிடும். படியை மாட்டுங்கள், அசல் பெட்டியில் இருக்கட்டும்.

தொண்டிக் கடலிலோ தேவிபட்டினத்திலோ பூத்தூவும்போது மாலையை அப்படியே வீசாதீர்கள். பாக் விரிகுடாக் கரையோரம் கடல்புல் நிறைந்தது, ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற இடம். நாரும் நூலும் சரிகையும் நீக்கி உதிரிப்பூ மட்டும் போடுங்கள்.

கப்பல் மேல் பெயர்ப்பலகை பொருத்தும் ஆசை பலருக்கும் வரும். இரும்பைப் பல ஆண்டுகளாக மூடிக் காத்த கடற்படிவு அடுக்கைத் துளையிட்டால் அரிப்பு அங்கிருந்து மறுபடி தொடங்கும். பலகையைப் படகுத்துறையில் வையுங்கள். நீரில் இறங்காத அவர் பேரப்பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கலாம்.