காற்றைக் கேட்டு அறை போடுங்கள்: ராமேஸ்வரம் தீவுக்கு ஜோடியாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆடியில் ஒரு காலை, வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. திருப்பூர்ப் பக்கத்துப் புதுமணத் தம்பதி. தீவின் தெற்குக் கரையில் கடலைப் பார்த்த அறைக்கு மூன்று இரவுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, முதல் இரவு கண்ணை மூட முடியாமல் விடிந்ததும் வேறு இடம் தேடிக் கிளம்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் பின்னலை அவிழ்த்து உதறினாள். திண்ணையில் பொலபொலவென்று மணல் கொட்டியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 2011-இல் நானும் இதே மணலை இப்படித்தான் உதறினேன்.

அப்போது நான் மதுரையிலிருந்து கணவரோடு மூன்று நாள் ஓய்வெடுக்க வந்தவள். பிறகு அவருக்கு இந்தப் பக்கமே வேலை அமைந்தது. தங்கச்சிமடத்தில் வீடு கட்டிக்கொண்டு, இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் ஜோடிகள். ஆளும் ஊரும்தான் மாறுகின்றன, தவறு மாறுவதில்லை. தொப்பி, தண்ணீர் பாட்டில், மாற்றுச் செருப்பு பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார்.

காற்றைக் கேட்காமல் தேதி குறிப்பது

இந்தத் தீவு கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் ஊரில் வடக்கைப் பெண் கடல் என்பார்கள், தெற்கை ஆண் கடல் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுப் புன்னகைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் விடுமுறை நன்றாக அமைவதும் பாழாவதும் இந்த இரண்டு கடலில் எது எப்போது ஆடும் என்பதில்தான் இருக்கிறது.

வைகாசி பிறந்து சில நாளில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பும். ஆனி, ஆடி, ஆவணி முழுக்க அதன் ராஜ்யம். அந்த மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடக்கு எண்ணெய் ஊற்றியதுபோல் படிந்து கிடக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் கதை தலைகீழ்: வடக்கு கலங்கிப் பொங்கும், தெற்கு ஓரளவு அடங்கும், கூடவே மழையும் உண்டு, புயல் சின்னமும் உண்டு. இரண்டு பக்கமும் பெரும்பாலும் சாதுவாக இருப்பது மாசியும் பங்குனியும். பாம்பன் மீனவர்கள் படகை எந்தக் கரையில் கட்டுவது என்று முடிவு செய்வதே இந்தக் கணக்கில்தான். ரயில்வேகூடக் காற்றுக்குப் பணிந்த ஊர் இது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. ரயில் நின்று, காற்று தணிந்த பிறகுதான் பாலம் ஏறும். ரயிலே காத்திருந்த இடத்தில், இரண்டு நாள் லீவு போட்டு வந்தோம் என்பதற்காகக் கடல் நமக்கு வழிவிடுமா?

எங்கள் கதையைக் கேளுங்கள். ஆடி மாதம், திருமணமாகி நாற்பது நாள். தெற்குக் கரையில் அறை. படத்தில் நீலக் கடலும் ஒரு தென்னையும் இருந்தன. அவ்வளவு பார்த்ததும் பணம் கட்டிவிட்டோம். போய்ச் சேர்ந்த மாலையே சன்னல் கதவு படபடவென்று அடித்தது. தாழ்ப்பாளில் துண்டைச் செருகினார் கணவர். துண்டும் பறந்தது. இரவு கொண்டுவந்த தோசையில் மணல் நறநறத்தது. மறுநாள் காலை, படகில் தீவு காட்டுகிறேன் என்று முன்தினம் மூவாயிரம் ரூபாய் வாங்கியிருந்த தரகரைக் கரையில் போய்த் தேடினோம். ஆள் இல்லை. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே, இந்தக் காற்றில் யாரம்மா படகு இறக்குவார், கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள் என்றார். பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. காற்று ஓய்ந்திருந்தாலும் அது நடந்திருக்கக் கூடாத சவாரி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு தீவிலும் கால் வைக்க முடியாது.

அன்று முழுக்க அறைக்குள் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்க இனிமையாக இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் இனிமை தாங்காது. யார் இந்த அறையைப் பிடித்தது என்று பேச்சு எங்கே போய் நின்றிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்றாம் நாள், கிளம்புவதற்கு முன் வில்லூண்டி தீர்த்தமாவது பார்த்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்தோம். தங்கச்சிமடத்தின் வடகரையில், கடலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் ஊற்று அது. சிறு நடைபாலத்தில் போய் வாளியில் இறைத்துக் குடித்துப் பார்த்தோம். சுற்றிலும் உப்புக்கடல், நடுவில் தித்திப்பு. அதைவிட எங்களைத் திகைக்க வைத்தது கடல்தான். ஒரு சுருக்கம்கூட இல்லை. முழங்கால் தண்ணீரில் சிறுவர்கள் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கால் மணி நேர தூரத்தில் இப்படி ஒரு கடல் இருக்க, இரண்டு நாளை மணலுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறோம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அதனால் அறை கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் நான் வாடகை சொல்வதற்கு முன் தேதியைக் கேட்கிறேன். நீங்களும் எங்கே அறை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அறை எந்தக் கரையில் இருக்கிறது? அந்த மாதம் என்ன காற்று? எல்லா மாதமும் சீசன்தான் என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். கச்சான் மாதங்களில் வந்தே தீர வேண்டும் என்றால் வடக்கில் தங்குங்கள். ஓலைக்குடா, பாலம் தாண்டி அரியமான், பிரப்பன்வலசை எல்லாமே பெண் கடல் பக்கம்தான். குந்துகாலிலிருந்து போகும் வனத்துறையின் குருசடைத் தீவுப் படகை நம்பி மட்டும் அந்த மாதங்களில் திட்டம் போடாதீர்கள், அது தெற்கு. கிடைத்தால் லாபம். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் கிளம்பும் முன் செய்தித்தாளைப் புரட்டுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று இருந்தால், பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடலாம்.

தனுஷ்கோடியைக் கடைசியில் வைப்பது

வாடகை வண்டிக்காரர் கையில் ஓர் அட்டை இருக்கும். ராமர் பாதம், லட்சுமண தீர்த்தம், ஐந்து முக அனுமார், கலாம் நினைவிடம் என்று ஒரே நாளில் பன்னிரண்டு இடம். தனுஷ்கோடி கடைசி வரி. மாலை மங்கும் நேரத்தில் சோதனைச் சாவடிக்குப் போய்ச் சேர்வீர்கள், உள்ளே விட மாட்டார்கள். விட்டாலும் விசில் ஊதி விரட்டுவார்கள்.

காலையில் முதல் வேலையாக அங்கே போங்கள், அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து சாலை முடியும் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர், 2017-இல் இந்தச் சாலை வந்த பிறகு, வேன்காரர்களிடம் பேரம் பேசி மணலில் குலுங்கிப் போகும் வேலை இல்லை. கச்சான் மாதமென்றால், கிழக்கே போகும்போது வலப்புறக் கடல் கல்சுவரில் மோதித் தெறிக்கும், இடப்புறக் கடல் குளம்போல் கிடக்கும். நான் மேலே அரைமணி நேரம் சொன்னதை அந்தச் சாலை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் இந்த ஊரையும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் சேர்த்து அழித்தது. மிஞ்சிய தேவாலயச் சுவரில் பவளக்கல் வரிவரியாகத் தெரியும். அதன் மேல் சாய்ந்து, ஏறிப் படம் எடுக்காதீர்கள். அது பலர் செத்த இடம், சுவரும் உதிர்கிறது.

அரிச்சல்முனையில் குளிப்பது

கூடாது. இரண்டு கடலும் முட்டும் இடம். நீச்சல் தெரியும் என்று சொல்லாதீர்கள்.

அமாவாசையில் ஓய்வு தேடி வருவது

ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் ஊரே அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும். நாட்காட்டி பாருங்கள்.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு அப்படியே ஊர் சுற்றக் கிளம்புவது

ஈர உடையோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள், மாற்றுடை வேண்டும். ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலை 5 மணிக்கு. எழுந்தது நாலு மணிக்கு, இருபத்திரண்டு வாளித் தண்ணீர் தலையில், பிறகு பிராகாரத்தில் நீண்ட நடை. அதற்குமேல் தேவிபட்டினம் போகலாமா என்று ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்ல மாட்டார். கோயில் நாளைக் கோயிலுக்கே விட்டுவிட்டு மதியம் தூங்குங்கள்.

தினமும் பாலம் தாண்டிப் போய்த் திரும்புவது

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு 55 கிலோமீட்டர். ஒரு நாள் உத்தரகோசமங்கை, மறுநாள் திருப்புல்லாணி, அதற்கு மறுநாள் தேவிபட்டினம் என்று போய் வந்தால் விடுமுறை முழுக்கப் பட்டணம்காத்தான் சாலையில்தான் கழியும். அவையெல்லாம் நீங்கள் வரும் வழியை ஒட்டிய ஊர்கள். வருகிற நாளில் காலையிலேயே ராமநாதபுரம் இறங்கி உத்தரகோசமங்கையும் திருப்புல்லாணியும் முடித்துவிட்டுத் தீவுக்குள் வாருங்கள். மதியம் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். கிளம்புகிற நாளில் தேவிபட்டினம், அதற்கு வடக்கே காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகில் போகலாம். கோயில் கோயிலாகப் போய் அலுத்த ஜோடிக்கு அது நல்ல மருந்து.

இன்னொரு விஷயம். உத்தரகோசமங்கை மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். பச்சையாகத் தெரியவில்லையே, ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஒருவர் என்னிடம் வந்து சண்டை போட்டார். நான் என்ன செய்ய?

பாலம் தூக்குவதைப் பார்க்கக் காத்திருப்பது

2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக உயரும். கப்பல் வந்தால்தான் உயரும். நீங்கள் வந்தால் உயராது.

மீன் இல்லை என்று கோபப்படுவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை கூடும். கோயில் வாசலில் சைவம்தான்; சாப்பிட பாம்பனுக்கு வாருங்கள்.

பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வது

கரையில் ஒதுங்கிக் கிடந்ததுதானே என்பார்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் அடங்கியவை, வைத்திருந்தால் குற்றம். இதைச் சொன்ன மறுநாள் திருப்பூர்த் தம்பதி அறையைக் காலி செய்தார்கள். தலையணைக்கு அடியில் உள்ளங்கையளவு வெள்ளைப் பவளம் ஒன்று இருந்தது. என் கணவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார். எந்தக் கடலில் என்று கேட்டேன். கச்சான் அடிக்கும்போது தெற்கே யார் போவார் என்றார்.