செஸ்னா 172பி: முதலில் பவர் அட்டவணையைச் சரிசெய்யுங்கள்

ஃபிளைட்கியர் என்ற விமான சிமுலேட்டரில் செஸ்னா 172பி (172P) விமானத்தின் எஞ்சின் கோப்பை எழுதும் பலர், வேகம் போதவில்லை என்றதும் குதிரைத்திறனைக் கூட்டுகிறார்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். லைகாமிங் ஓ-320 எஞ்சின் 2700 ஆர்பிஎம்மில் 160 குதிரைத்திறன் தரும். அது அப்படியே இருக்கட்டும். உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய இடம் ப்ரொப்பல்லர்.

விமானம் பறக்கும் விதத்தைக் கணக்கிடும் ஜேஎஸ்பிசிம் மென்பொருளில் ப்ரொப்பல்லருக்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று த்ரஸ்ட் (முன்னே தள்ளும் விசை) கெழு, மற்றது பவர் (ப்ரொப்பல்லர் எடுத்துக்கொள்ளும் திறன்) கெழு. இரண்டுமே ஜே என்ற எண்ணைப் பொறுத்து மாறும். விமான வேகத்தை, நொடிக்கான சுற்றுகளையும் ப்ரொப்பல்லர் விட்டத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஜே. பவர் கெழுவில் தொடங்குங்கள், ஏனென்றால் ஆர்பிஎம் எங்கே நிற்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பிரேக் பிடித்து முழு த்ராட்டில் கொடுத்தால் இந்த விமானம் 2350 ஆர்பிஎம் வாக்கில் நிற்க வேண்டும். அப்போது ஜே பூஜ்யம். டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) பெரிதாக மாறாது என்று கொண்டால் திறன் 160 × 2350 ÷ 2700, சுமார் 139 குதிரைத்திறன், அதாவது 104 கிலோவாட். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம், நொடிக்கு 39.2 சுற்று, விட்டம் 75 அங்குலம் என்றால் 1.905 மீட்டர். வாட்டில் எழுதிய திறனை, அடர்த்தி × சுற்றின் மூன்றாம் அடுக்கு × விட்டத்தின் ஐந்தாம் அடுக்கால் வகுத்தால் 0.056 கிடைக்கும். அட்டவணையின் முதல் வரிசை இதுதான்.

அப்புறம் மறுமுனை. கடல் மட்டத்தில் உச்ச வேகம் 123 நாட். அங்கே 2700 ஆர்பிஎம் வர வேண்டும் என்று வைத்தால் ஜே 0.74, கெழு 0.043. இடையில் வளைவு வழவழப்பாக இறங்கட்டும். 0.74-உடன் நிறுத்தவும் கூடாது. ஜே இன்னும் ஏறும்போது கெழு பூஜ்யத்தைத் தாண்டி எதிர்மறையாக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அணைந்த பிறகு காற்று ப்ரொப்பல்லரைச் சுழற்றாது; கிளைடு பயிற்சியே பொய்யாகிவிடும். எனக்கு இதுதான் மிக முக்கியம்.

த்ரஸ்ட் கெழுவை இதற்குப் பிறகு ஏறும் வேகத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். ஆர்பிஎம் இரு முனையிலும் பொருந்தி, உச்ச வேகம் மட்டும் தவறினால்தான் விமானத்தின் காற்றுத் தடையை (drag) தொட வேண்டும். த்ராட்டிலைத் தள்ளியதும் ஆர்பிஎம் துள்ளிக் குதிக்கிறதா? ப்ரொப்பல்லரின் நிலைமத் திருப்புத்திறனை (சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மையை) சற்று கூட்டுங்கள், சரியாகிவிடும்.