இறகுதிர்ப்பும் புவி வெப்பமும்: கணக்கு தப்பும் இடங்கள்

வெயில் ஏறினால் நாம் போர்வையை உதறுவது போலப் பறவையும் இறகை உதிர்க்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. இறகு உயிரற்ற கெரட்டின், நம் நகமும் முடியும் ஆன அதே புரதம். கிழிந்தால் ஆறாது, தேய்ந்தால் தானாக வளராது. பழையதைக் கழித்துப் புதிதாக முளைக்க வைத்தே ஆக வேண்டும். அதற்கு நேரம் வந்துவிட்டது என்று பல பறவைகளுக்குச் சொல்வது பகலின் நீளம். பூமி எவ்வளவு சூடானாலும் அது மாறாது.

அப்படியானால் வெப்பத்துக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு, ஆனால் சுற்றி வருகிறது. குஞ்சு வளர்ப்பு, இறகு வளர்ப்பு இரண்டுக்குமே நிறைய தீனி வேண்டும். அதனால் பெரும்பாலான பறவைகள் ஒன்றை முடித்த பிறகுதான் மற்றதைத் தொடங்கும். வசந்தம் முந்தினால் கூடு கட்டுவது முந்தும், பின்னாலேயே உதிர்ப்பும் முந்தலாம். சரி, மிச்சமான நாட்களில் அந்தச் சோடி இன்னொரு தடவை முட்டை வைத்தால்? உதிர்ப்பு தள்ளிப்போகும். ‘சூடு கூடினால் சீக்கிரம் உதிரும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

தள்ளிப்போனால் என்ன, கொஞ்சம் வேகமாக முடித்துவிடுமே என்பதும் தப்புக்கணக்கு. ஸ்டார்லிங் என்ற, மைனா குடும்பத்துப் பறவைகளை வைத்து நடந்த சோதனையில், அவசரமாக வளர்ந்த இறகுகள் தரம் குறைந்து சீக்கிரம் தேய்ந்தன. அந்த இறகுகளோடுதான் அடுத்த உதிர்ப்பு வரை காலம் தள்ள வேண்டும்.

களத்தில் அதிகம் பார்க்கிற தவறு வேறு: இந்த வருடம் முதன்முதலில் இறகு உதிர்த்த பறவையைப் பார்த்த தேதியை, போன வருடத் தேதியோடு ஒப்பிடுவது. பார்க்கிற கண்கள் கூடினாலே அந்தத் தேதி முந்திவிடும்! ஆய்வுக்காக வலையில் பிடித்த பறவையின் சிறகை மெல்ல விரித்துப் பாருங்கள். உள்பக்கம் கருகருவென்று புது இறகு, வெளிப்பக்கம் வெளிறி ஓரம் நைந்த பழசு, நடுவே உறைக்குள் ஊசி போல ஒன்று. சிறகின் வெளிப்பகுதியில் இருக்கும் நீண்ட பறக்கும் இறகுகள்தான் முதன்மை இறகுகள். அவை ஒவ்வொன்றுக்கும், பழசுக்கு 0, முழுதாக வளர்ந்த புதுசுக்கு 5 என்று மதிப்பெண் போட்டு, பல பறவைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தொடக்கமும் வேகமும் தெரியும்.

காலத்தையும் அளவையும் குழப்பாதீர்கள். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 19 இனங்களின் பழைய அருங்காட்சியக மாதிரிகளைப் பார்த்து, இளம் பறவைகள் முன்பைவிட அதிக இறகுகளை மாற்றுவதாகச் சொன்னது. அது எத்தனை இறகு என்பதன் கணக்கு, எப்போது என்பதன் கணக்கல்ல.

அப்புறம் இன்னொரு தவறு: குளிர்நாட்டுப் பறவையான டார்மிகன், குளிர்காலத்தில் பனியைப் பார்த்து வெள்ளையாகிறது என்பது. அதற்கும் முக்கியக் கடிகாரம் பகலின் நீளம்தான். அதனால் பனி தாமதமானால் பழுப்பு நிலத்தில் வெள்ளையாக மாட்டிக்கொள்ளும். பனி உருகிய பின்னும் வெள்ளையாகவே இருக்கும் ஆண்கள், இணைசேரும் காலம் முடிந்ததும் உடம்பை மண்ணில் அழுக்காக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். உதிர்ப்பு வந்து சேரும்வரை அந்த அழுக்குதான் மறைப்பு.