பழைய ட்யூனருக்கு ஆண்டெனா கட்டுவது எப்படி

பழைய சாமான் கடையில் 1,800 ரூபாய்க்கு ஒரு ட்யூனர் வாங்கினேன். அமெரிக்காவில் யாரோ வைத்திருந்தது, எப்படியோ விருதுநகர் வந்து சேர்ந்துவிட்டது. ட்யூனர் என்பது பாதி ரேடியோ. நிலையத்தைப் பிடிக்கும், ஆனால் சத்தம் போடாது. சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தனியாக வேண்டும்.

மின்சாரத்தில் செருகும் முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 120 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் வீட்டு 230-இல் நேராகச் செருகக் கூடாது, பொசுங்கிவிடும். இடையில் 230-ஐ 120-ஆக இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட வேண்டும். ஜப்பானில் விற்ற பழைய பெட்டி என்றால் நான் வாங்க மாட்டேன். அதில் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-லேயே முடிந்துவிடும். நாம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அதற்கு மேலே. ட்யூனரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை வயரை ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் என்ற இடத்தில் மாட்டுங்கள். ஃபோனோ இசைத்தட்டுக்கானது, அதில் மாட்டினால் கரகரவென்று அலறும்.

சரி, ஆண்டெனாவுக்கு வருவோம். எனக்கு வேண்டியது கொடைக்கானல் எஃப்.எம்., 100.5. மலைமேல் இருந்து வருவதால் எங்கள் ஊர்வரை தாராளமாக எட்டும். ஆனால் பெட்டிக்குப் பின்னால் ஒரு முழ வயரைத் தொங்கவிட்டால் இரைச்சல்தான் முக்கால்வாசி. மாடியில் இருமுனை ஆண்டெனா கட்டினேன். கணக்கு சுலபம்: 142.5-ஐ நிலையத்தின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 100.5-க்கு 142 சென்டிமீட்டர். அதைச் சரிபாதியாக்கி 71 சென்டிமீட்டரில் இரண்டு செம்புக் கம்பி வெட்டுங்கள். ஒரு பி.வி.சி. குழாயில் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கட்டி, நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கேபிள் டி.வி.க்கு வரும் 75 ஓம் வயரின் நடுக்கம்பியை ஒரு செம்புக் கம்பியோடும், மேல்வலையை மற்றதோடும் பற்றவையுங்கள். வெறுமனே முறுக்கிவிட்டால் ஒரு மழைக்குள் களிம்பு பிடித்துவிடும். பற்றவைத்த இடத்தையும் டேப் சுற்றி மூடுங்கள். அதற்குக் கீழே அதே வயரை உள்ளங்கை அகலத்தில் ஐந்தாறு சுற்று வளையமாகச் சுருட்டிக் கட்டினால், வயரே ஆண்டெனா வேலை பார்த்து வீட்டு இரைச்சலை அள்ளிவருவது குறையும்.

திசைதான் முக்கியம். கொடைக்கானல் எங்களுக்கு வடமேற்கு. அதைப் பார்த்து நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் எப்படி இருக்குமோ, கம்பி அப்படி இருக்க வேண்டும். முனை நிலையத்தைப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. முதல்நாள் நான் அப்படித்தான் கட்டினேன், அதுவும் துணிக்கொடிக்குப் பக்கத்தில். “என்னங்க, இதுல சேலை காயப்போடலாமா?” என்று வீட்டில் கேட்டபிறகுதான் தண்ணீர்த் தொட்டி ஓரம் போனேன். அங்கே கால் திருப்பு திருப்பியதும் ஸ்டீரியோ விளக்கு எரிந்தது. படுக்கையாகக் கட்டியது சரியாக வராவிட்டால் நிமிர்த்தியும் பாருங்கள். கரண்ட் கம்பி பக்கம் மட்டும் போகவே வேண்டாம். கம்பு சாய்ந்தாலும் அதைத் தொடாத தூரத்தில் நடுங்கள்.

வயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், வயர் வழியே வீட்டுக்குள் வராது.

மீடியம் வேவுக்கு வளைய ஆண்டெனா தனியாக வரும். அது இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். எனக்கு ஆண்டெனா இருந்தும் இரண்டு நாள் பாடாய்ப் படுத்தியது. சென்னை 720 இரவில் வருகிறது, மதுரை 1269 ஓரளவு தெளிவு, ஆனால் திருச்சி 936-ம் நெல்லை 1197-ம் மூக்கடைத்தவன் பேசுவதுபோல. வளையத்தைச் சபித்தேன். அப்புறம்தான் திரையைக் கவனித்தேன்: 930, அடுத்த அழுத்தில் 940. அமெரிக்காவில் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, நமக்கு 9. 936 என்ற எண்ணே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. 720 இரண்டு கணக்கிலும் வருவதால் தப்பித்தது, 1269-க்கு 1270 ஒன்றுதான் தள்ளி. பின்பக்கம் 9, 10 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. பெட்டியை அணைத்துவிட்டு ஊசிமுனையால் நகர்த்தினேன். நினைவில் வைத்திருந்த நிலையங்கள் அழிந்துபோயின, போகட்டும்.

வளையத்தைப் பெட்டி மேலேயே வைக்காதீர்கள், கை நீளத்துக்காவது தள்ளி வையுங்கள். எஃப்.எம். கம்பிக்கு நேர்மாறாக, இதன் விளிம்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும். மதுரை எனக்கு வடக்கே, இலங்கை நேயர்களுக்கும் சேர்த்து ஒலிபரப்பும் தூத்துக்குடி 1053 தெற்கே. அதனால் ஒரே நிலையில் இரண்டும் வரும். முகப்பக்கம் பார்க்கும் திசையில் வளையத்துக்குக் காது மந்தம். என் வளையத்தின் முகம் கிழக்கே, அடுத்த வீட்டு எல்.இ.டி. பல்பு பக்கம். மாலை ஆறரைக்கு அது எரிந்ததும் ‘ங்ஙீ’ என்று வந்த இரைச்சல் இப்போது பாதிகூட இல்லை. நம் வீட்டு இரைச்சலுக்கு, போன் சார்ஜரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.

இடி இடித்தால் வேறு வழியில்லை. மேகம் கறுக்கும்போதே மாடி வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், மின்சாரப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஐப்பசியில் நான் வெளியூர் போனால்கூடக் கழற்றிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.