ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சென்னைக்கு அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பைக் ஓட்ட

முதலில் கண்ணாடி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகப் போடும் புரோகிரசிவ் லென்ஸ் போட்டுக்கொண்டு டிராக்கில் இறங்க வேண்டாம். வளைவில் தலையைத் திருப்பி வெளியேறும் இடத்தைப் பார்க்கும்போது, பார்வை லென்ஸின் ஓரம் வழியாகப் போகும். அங்கே எல்லாம் கலங்கித் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டுமான லென்ஸ் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் நுழைய, கண்ணாடியின் காதுக்கம்பி நேராக இருப்பது நல்லது.

மணிக்கட்டு வலிக்கிறதென்றால் ஹேண்டில்பாரில் உடம்பைச் சாய்க்கிறீர்கள் என்று அர்த்தம். பிரேக் பிடிக்கும்போது முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள். டேங்கின் இருபுறமும் ரப்பர் கிரிப் ஒட்டினால் தொடைக்குப் பாதி வேலை குறையும்.

பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது கொதித்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். சாலை டயரானால் காற்றை, குளிர்ந்த நிலையில், முன்னே 30, பின்னே 28 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, டயர் கம்பெனி சொல்லும் சூடான அளவுக்கு, பிட்டுக்கு (டிராக் ஓரம் பைக்கை நிறுத்தும் இடத்துக்கு) திரும்பிய உடனே சரிபாருங்கள்.

சென்னை வெயிலில் தோலால் ஆன ரேஸ் உடைக்குள் வியர்வை கொட்டும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே உப்புப் போட்ட மோர் குடியுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் போடும் இடம் ஒரே சுற்றில் இரண்டு முறை தவறினால், கையை உயர்த்திவிட்டு பிட்டுக்குள் வந்துவிடுங்கள். அன்றைய கடைசி ஓட்டத்தை விட்டுவிடுவதே என் பரிந்துரை.